உலகின் மிக வயதான மரத்தை வெட்டிய ஆராய்ச்சி மாணவர்

பிஎச்.டி. ஆய்வு என்றதும் பலருக்கும் கண்முன் வருவது நூலகமும், தடித்த புத்தகங்களும், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளும்தான். ஆனால் இயற்கைப் புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் போன்ற துறைகளில் கதையே வேறு. அங்கே மலையும் ஆறும் காடும் பனிப்பாறையும்தான் ஆய்வுக்கூடம். அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய ஒரு மாணவருக்கு மூன்று விஷயங்கள் தேவை. செலவுக்கு ஓர் உதவித்தொகை, நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி, கையில் ஒரு கருவி. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவதைத்தான் "ஆராய்ச்சி வாய்ப்பு" என்கிறார்கள்.

1964-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு மாணவருக்கு இந்த மூன்றும் கிடைத்தன. அந்த வாய்ப்பின் முடிவில், அதுவரை மனிதர்கள் வயதைக் கணக்கிட்டிருந்த மரங்களிலேயே மிகவும் வயதான மரம் இயந்திர ரம்பத்தால் அறுத்துச் சாய்க்கப்பட்டது. வயது ஏறக்குறைய 4,900!

அந்த மாணவர் மரம் கடத்துபவர் அல்ல. சட்டத்தை மீறியவரும் அல்ல. முறைப்படி கேட்டார், முறைப்படி அனுமதி கொடுத்தார்கள், வனத்துறை ஆட்களே வந்து வெட்டினார்கள். எல்லாமே ஒழுங்காக நடந்திருக்கிறது என்றால் தவறு எங்கே நடந்தது? அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் இந்தக் கேள்வி புவியியல் மாணவர்களிடையே பேசப்படுவதற்குக் காரணம் உண்டு.

மரம் எழுதும் நாட்குறிப்பு

கதைக்குப் போகும் முன் கொஞ்சம் அறிவியல்.

குளிர்காலமும் கோடைகாலமும் தெளிவாகப் பிரிந்திருக்கும் நாடுகளில், மரங்கள் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். வசந்த காலத்தில் வேகமாக வளரும்போது வெளிர் நிறக் கட்டை உருவாகும். கோடை முடிவில் வளர்ச்சி குறையும்போது அடர்த்தியான, கருமையான கட்டை உருவாகும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வளையம், அதாவது ஓர் ஆண்டு. நல்ல ஆண்டென்றால் வளையம் அகலமாக இருக்கும். வறட்சியோ கடுங்குளிரோ வந்த ஆண்டென்றால் வளையம் மயிரிழை போல் மெலிந்துவிடும். மரம் தன் உடம்புக்குள்ளேயே வானிலை நாட்குறிப்பு எழுதி வைக்கிறது என்று சொல்லலாம்.

இந்த நாட்குறிப்பைப் படிக்கும் கலையை அறிவியலாக்கியவர் ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் என்ற வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சிக்கும் பூமியின் வானிலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று தேடப் போனவர், மரங்களிடம் வந்து சேர்ந்தார். 1937-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளைய ஆய்வுக்கூடம் அவரால் தொடங்கப்பட்டது.

வளையங்களை எண்ண மரத்தை வெட்டத்தான் வேண்டுமா? வேண்டாம். நடுவில் துளையுள்ள நீண்ட திருகு போன்ற ஒரு கருவி இருக்கிறது. அதை மரத்தின் பட்டையிலிருந்து மையத்தை நோக்கிக் கையால் திருகிச் செலுத்துவார்கள். வெளியே எடுத்தால் பென்சிலைவிட மெல்லிய ஒரு மரக்குச்சி கிடைக்கும். அதில் எல்லா வளையங்களும் வரிவரியாகத் தெரியும். மரமும் சாகாது. பைன் போன்ற மரங்கள் அந்தச் சிறு துளையைத் தங்கள் பிசினாலேயே அடைத்துக்கொள்ளும்.

கஷ்டத்தில் நெடுநாள் வாழும் மரங்கள்

டக்ளஸின் மாணவரும் உதவியாளருமான எட்மண்ட் ஷுல்மன் வயதான மரங்களைத் தேடி அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுவதும் அலைந்தவர். 1953 முதல் அவருடைய கவனம் கலிபோர்னியாவின் ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடர் மீது திரும்பியது. அங்கே 10,000 அடி உயரத்தில் பிரிசில்கோன் பைன் என்ற குட்டையான, முறுக்கிக்கொண்ட மரங்கள் இருந்தன.

பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. பாதி செத்துப்போனது மாதிரி இருக்கும். காற்றும் மணலும் அரித்து, பட்டை உரிந்து, வெறும் எலும்புக்கூடாக நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் கயிறு போல ஒரு பட்டை உயிரோடு இருக்கும். அந்தப் பட்டைதான் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோய் நான்கைந்து பச்சைக் கிளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நல்ல மண்ணும் போதிய நீரும் கிடைக்கும் இடத்தில் வளரும் பிரிசில்கோன் மரங்கள் இவ்வளவு காலம் வாழ்வதில்லை! மண்ணே இல்லாத கல்லிலும், மழையே இல்லாத மேட்டிலும் நிற்கும் மரங்களே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. மெதுவாக வளர்வதால் கட்டை இறுகிப் பிசின் நிறைந்து விடுகிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் உள்ளே நுழைய முடியாது. அக்கம்பக்கத்தில் வேறு செடிகொடி அதிகம் இல்லாததால் காட்டுத்தீயும் பரவாது. ஓர் அங்குலம் பருப்பதற்கு நூறு ஆண்டுகள்கூட ஆகலாம்.

1957-ல் ஷுல்மன் அங்கே 4,600 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். பைபிளில் வரும் மிக நீண்ட ஆயுள் கொண்ட மனிதரின் பெயரால் அதற்கு "மெத்தூசலா" என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும் அவருடைய கட்டுரை 1958 மார்ச்சில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் 49 வயதில் இறந்து போயிருந்தார். அதே 1958-ல் ஒயிட் மவுண்டன்ஸ் மரங்கள் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன.

அதாவது கலிபோர்னியாவில் முதலில் வயதைக் கண்டுபிடித்தார்கள், பிறகு பாதுகாத்தார்கள். பக்கத்து மாநிலமான நெவாடாவில் இருந்த அதே இன மரங்களின் வயது அதுவரை பெரிதாக ஆராயப்படவில்லை. இந்த ஒரு வித்தியாசம்தான் பின்னால் பெரிதாகப் போகிறது.

வீலர் சிகரத்துக்கு வந்த மாணவர்

டொனால்ட் ரஸ்க் கர்ரி, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்த பட்டமேற்படிப்பு மாணவர். முப்பது வயதை ஒட்டியவர். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு "சிறு பனி யுகம்".

இந்தச் சொல்லை 1939-ல் அறிமுகப்படுத்தியவர் பிரான்சுவா மத்தேஸ் என்ற நிலவியலாளர். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் மலைப் பனியாறுகள் மறுபடி வளர்ந்த காலத்தை அவர் அப்படி அழைத்தார். இன்று பெரும்பாலும் 14-ம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி 19-ம் நூற்றாண்டு வரை நீடித்த குளிர்ந்த காலத்தையே அப்படிச் சொல்கிறார்கள். எப்படியானாலும் கேள்வி ஒன்றுதான். மலையில் பனி எப்போது முன்னேறியது, எப்போது பின்வாங்கியது? மனிதர்கள் எழுதி வைக்காத காலத்தில் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு கர்ரிக்கு ஏற்ற இடம் நெவாடாவின் கிழக்கு எல்லையில் இருந்தது. ஸ்நேக் மலைத்தொடரில் உள்ள வீலர் சிகரம். உயரம் 13,065 அடி. அதன் மடியில் ஒரு சிறு பனியாறு உண்டு, நெவாடா மாநிலத்தில் இருக்கும் ஒரே பனியாறு அதுதான். பழைய பனியாறுகள் தள்ளிக்கொண்டு வந்து குவித்த பாறைக் குவியல்கள் கீழே கிடக்கின்றன. அந்தக் குவியல்களின் மேல் பிரிசில்கோன் பைன்கள் வளர்ந்திருக்கின்றன.

இங்கேதான் ஒரு நல்ல தர்க்கம் வருகிறது. பாறைக் குவியல் அசைந்துகொண்டிருக்கும் வரை அதன் மேல் மரம் வேரூன்ற முடியாது. ஆகவே ஒரு குவியலின் மேல் நிற்கும் மரத்துக்கு 3,000 வயது என்றால், அந்தக் குவியலுக்குக் குறைந்தபட்சம் 3,000 வயது. மரத்தின் வயதே நிலத்தின் வயதுக்குச் சாட்சி! அதோடு, வளையங்களின் அகலத்தைப் பார்த்து இடைப்பட்ட ஆண்டுகளின் வானிலையையும் ஊகிக்கலாம். ஒரே மரத்தில் இரண்டு லாபம்.

கர்ரி 1964 கோடையில் மலையேறி, ஒவ்வொரு மரமாகத் துளையிட்டு மாதிரி எடுத்தார். 3,000 வயதைத் தாண்டிய மரங்கள் அங்கே இருப்பது தெரியவந்தது. ஒயிட் மவுண்டன்ஸில் மட்டுமல்ல, நெவாடாவிலும் கிழட்டு மரங்கள் உண்டு என்பதே அன்றைக்குப் புதிய செய்தி.

எண் 114

ஏறத்தாழ 10,750 அடி உயரத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. கர்ரி அதற்குக் கொடுத்த அடையாளம் "டபிள்யூ.பி.என்.-114". ஒயிட் பைன் மாவட்டம், நெவாடா, 114-வது மரம் என்று பொருள். செத்துப்போன உச்சி 17 அடி உயரம், உயிருள்ள கிளைப்பகுதி 11 அடி. தரைக்கு ஒன்றரை அடி மேலே சுற்றளவு 252 அங்குலம், அதாவது 21 அடி. ஆனால் உயிருள்ள பட்டை வெறும் 19 அங்குல அகலத்துக்கு மட்டுமே இருந்தது. மற்றதெல்லாம் காற்று தின்ற கட்டை.

இந்த மரத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று 1950-களிலிருந்தே போராடி வந்த இயற்கை ஆர்வலர்களும் மலையேறிகளும் அங்கே இருந்த பெரிய மரங்கள் பலவற்றுக்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். இந்த மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "புரோமிதியஸ்". கிரேக்கப் புராணத்தில் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்து, அதற்குத் தண்டனையாகப் பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டவன்.

ஒரே மரத்துக்கு இரண்டு பெயர்கள். மலையேறிகளுக்கு அது புரோமிதியஸ். ஆய்வுக் குறிப்பேட்டில் அது 114. இந்த இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 1964

114-வது மரத்திடம் துளைக்கருவி பலிக்கவில்லை. ஏன் என்பதில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட கதைகள் இருக்கின்றன. கருவி உடைந்துவிட்டது என்பது ஒன்று. கருவியின் நீளம் போதவில்லை என்பது இன்னொன்று. துளை மாதிரி போதாது, முழுக் குறுக்குவெட்டு வேண்டும் என்று கர்ரி நினைத்தார் என்பது மூன்றாவது. 21 அடி சுற்றளவு என்றால் குறுக்களவு ஏறக்குறைய 2 மீட்டர். அதன் மையத்தைத் தொட ஒரு மீட்டர் துளைக்க வேண்டும். அதுவும் இவ்வளவு வயதான மரத்தில் மையம் நடுவிலேயே இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. பாறைக் குவியலின் வயது தெரிய வேண்டுமானால் வெளி வளையங்கள் மட்டும் உதவாது, உள்ளே இருக்கும் முதல் வளையம் தேவை.

அந்த இடம் அன்று அமெரிக்க வனத்துறையின் ஹம்போல்ட் தேசிய வனத்துக்குள் இருந்தது. கர்ரி அங்கிருந்த ரேஞ்சரிடம் மரத்தை வெட்டிக் குறுக்குவெட்டு எடுக்க அனுமதி கேட்டார். ரேஞ்சர் தன் மேலதிகாரியைக் கலந்தார். மரம் மலைப்பாதையிலிருந்து விலகி இருக்கிறது, பார்வையாளர்களைக் கவரும் மரமும் அல்ல, அதே மாதிரி மரங்கள் பக்கத்திலேயே நிறைய இருக்கின்றன, அறிவியலுக்குப் பயன்படும் என்றால் வெட்டலாம் என்று முடிவானது.

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் வனத்துறை ஆட்கள் இயந்திர ரம்பத்தோடு மலையேறினார்கள். மரம் விழுந்தது. அடிமரத்திலிருந்து துண்டுகள் அறுத்து எடுக்கப்பட்டு மலையிலிருந்து இறக்கப்பட்டன.

எண்ணியபோது தெரிந்தது

அறுத்த கட்டையை நன்றாகத் தேய்த்து மெருகேற்றினால்தான் இவ்வளவு நெருக்கமான வளையங்கள் தெரியும். கர்ரி எண்ணினார். 3,000 தாண்டியது, 4,000 தாண்டியது, மெத்தூசலாவின் வயதும் தாண்டியது. கடைசியில் அவர் கணக்கு 4,844-ல் நின்றது!

பின்னாளில் அரிசோனா மர வளைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டொனால்ட் கிரேபில் அதே மரத்தை மீண்டும் ஆராய்ந்து 4,862 வளையங்கள் என்று திருத்தினார். அந்தக் குறுக்குவெட்டும் மரம் முளைத்த இடத்திலிருந்து ஏறக்குறைய 2.5 மீட்டர் உயரத்தில் எடுக்கப்பட்டது. அதற்குக் கீழே உள் வளையங்கள் அரித்துப்போயிருந்தன. மரம் அந்த உயரத்துக்கு வளரவே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். மேலும் மிகக் கடுமையான ஆண்டுகளில் இந்த மரங்கள் வளையமே போடாமல் விட்டுவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் வயது குறைந்தது 4,900 என்பது பொதுவான மதிப்பீடு.

இந்த எண்ணைச் சும்மா படித்தால் பெரிதாகத் தோன்றாது. இப்படி யோசித்துப் பாருங்கள். எகிப்தில் பெரிய பிரமிடு கட்டப்பட்டபோது இந்த மரத்துக்கு 300 வயது தாண்டியிருந்தது. சிந்து வெளியில் மொகஞ்சதாரோ நகரம் எழுந்தபோதும் அது நன்கு வளர்ந்த மரம். 1010-ல் தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்பட்டபோது அதற்கு 3,900 வயது. அவ்வளவையும் பார்த்துவிட்டு, மனிதன் விண்வெளிக்குப் போன பிறகு, ஒரு மாணவரின் ஆய்வுக்காக வெட்டுப்பட்டது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த மரம்தான் மிக வயதானது என்பது அதைக் கொன்ற பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். வெட்டாமல் இருந்திருந்தால் அன்றைய கருவிகளால் தெரிந்திருக்காது.

கண்டனங்கள்

1965-ல் கர்ரி "இகாலஜி" என்ற ஆய்விதழில் கிழக்கு நெவாடாவின் பழமையான பிரிசில்கோன் மரக்கூட்டம் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் மரத்துக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.

ஆனால் செய்தி மெல்ல வெளியே கசிந்தது. பூங்காவுக்காகப் போராடியவர்களில் ஒருவரான டார்வின் லாம்பர்ட் 1968-ல் ஆடுபன் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே புரோமிதியஸை ஓர் இனத்துக்காக உயிர் கொடுத்த தியாகி என்று சொன்னது. அதன் பிறகு கண்டனங்கள் குவிந்தன. கர்ரியைக் கொலைகாரர் என்று சொன்னவர்களும் உண்டு. வனத்துறை மீதும் கோபம் திரும்பியது. நிலத்தை வனத்துறையிடமிருந்து எடுத்துத் தேசியப் பூங்காத் துறையிடம் கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, இதைவிடப் பெரிய ஆதாரம் தேவைப்படவில்லை.

மேய்ச்சல்காரர்களும் சுரங்கத் தொழில் தரப்பும் எதிர்த்ததால் பூங்கா திட்டம் மேலும் பல ஆண்டுகள் இழுத்தது. 1986 அக்டோபரில்தான் கிரேட் பேசின் தேசியப் பூங்கா சட்டமாகியது. புரோமிதியஸின் அடிக்கட்டை இன்றும் அந்தப் பூங்காவுக்குள் இருக்கிறது. அறுத்தெடுத்த துண்டுகளில் ஒன்றைப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் மக்கள் தொட்டுப் பார்த்து வளையங்களை எண்ணுகிறார்கள்.

யார் மீது குற்றம்?

கர்ரி மீது எல்லாப் பழியையும் போடுவது சுலபம். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர் பக்கத்திலும் வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று, அந்தக் காலத்தில் அறிவியலுக்காக மரம் வெட்டிக் குறுக்குவெட்டு எடுப்பது வழக்கத்துக்கு மாறான செயல் அல்ல. ஷுல்மனும் ஒயிட் மவுண்டன்ஸில் ஒரு பழைய மரத்தை வெட்டி ஆராய்ந்தவர்தான். அவரை யாரும் திட்டவில்லை, ஏனென்றால் அது உலகிலேயே மூத்த மரமாக இருக்கவில்லை!

இரண்டு, நூற்றுக்கணக்கான கிழட்டு மரங்கள் நிற்கும் ஒரு மலையில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த ஒன்று உலகிலேயே மூத்ததாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அதைவிட மூத்த மரம் அங்கேயோ வேறெங்கேயோ இன்னும் நிற்கக்கூடும் என்பதும் அறிவியல்படி சரியான வாதமே.

மூன்று, அனுமதி கொடுத்தவர்கள் அந்த நிலத்தின் காவலர்கள். "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் கடமையும் அவர்களுக்கே அதிகம்.

இந்த வாதங்களை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கருவி தோற்றபோது ஆய்வு ஏன் நிற்கவில்லை? பாதுகாப்பான வழி அடைபட்டதும், திரும்ப முடியாத வழி உடனே தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்னும் நீளமான கருவிக்காக ஓர் ஆண்டு காத்திருந்திருக்கலாம். அனுபவமுள்ள அரிசோனா ஆய்வுக்கூடத்தைக் கேட்டிருக்கலாம். 4,900 ஆண்டுகள் நின்ற மரம் அடுத்த கோடை வரையிலும் நின்றிருக்கும். ஆனால் ஆராய்ச்சி மாணவருக்குக் காலம் வேறு கணக்கில் ஓடுகிறது. உதவித்தொகைக்கு முடிவுத் தேதி உண்டு. மலையில் வேலை செய்யக் கிடைப்பது பனி உருகிய சில மாதங்கள் மட்டுமே. மரத்தின் காலமும் மாணவரின் காலமும் மோதியபோது மாணவரின் காலம் வென்றது.

இன்னொன்று, அந்த மலையை நன்றாகத் தெரிந்தவர்கள் அனுமதிக் கோப்புக்குள் எங்குமே இல்லை. மாணவர் ரேஞ்சரைக் கேட்டார், ரேஞ்சர் மேலதிகாரியைக் கேட்டார். அந்த மரத்துக்குப் பெயர் வைத்து ஆண்டுதோறும் போய்ப் பார்த்து வந்தவர்களை யாரும் கேட்கவில்லை. "இதே மாதிரி நிறைய இருக்கிறது" என்று கோப்பு சொன்னது. "இது ஒன்றுதான் இருக்கிறது" என்று சொல்லக்கூடியவர்கள் கீழே ஊரில் இருந்தார்கள்.

வெட்டாமலே கிடைத்த விடைகள்

அதே காலகட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஷுல்மனுக்குப் பிறகு ஒயிட் மவுண்டன்ஸ் பணியைத் தொடர்ந்தவர் வெஸ்லி பெர்குசன். அவர் உயிருள்ள மரங்களில் துளை மாதிரிகள் எடுத்தார். கூடவே தரையில் செத்துக் கிடந்த கட்டைகளையும் பொறுக்கினார். குளிர்ந்த வறண்ட மலையில் பிரிசில்கோன் கட்டை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். உயிருள்ள மரத்தின் உள் வளையங்களும் செத்த கட்டையின் வெளி வளையங்களும் ஒரே மாதிரி வரிசையில் பொருந்தினால், இரண்டையும் ஒட்டி நீட்டிக்கொண்டே போகலாம். இப்படி 1969-க்குள் 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர் வரிசையை அவர் உருவாக்கிவிட்டார். உலகின் மூத்த மரத்தைவிட 2,000 ஆண்டுகள் அதிகம், அதுவும் கீழே கிடந்த கட்டைகளை வைத்து!

அந்த வரிசை பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. 1949-ல் வில்லார்ட் லிபி அறிமுகப்படுத்திய கார்பன்-14 முறையில் பழைய பொருட்களின் வயது சற்றுத் தவறாக வருகிறது என்பது, வயது உறுதியாகத் தெரிந்த இந்த வளையங்களைச் சோதித்தபோது தெளிவானது. ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் அதற்கான திருத்தக் கோட்டை வரைந்தார். அதன் விளைவாக மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலக் கல்லறைகள் சில எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழமையானவை என்று தெரிந்து, தொல்லியல் பாடநூல்களே மாறின.

ஒருபுறம் ஒரு மரத்தை வெட்டி ஓர் எண் கிடைத்தது. மறுபுறம் செத்த கட்டைகளைப் பொறுமையாகப் பொருத்தி ஒரு காலக்கணக்கே கிடைத்தது. அறிவியலுக்கு எது அதிகம் கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு

கர்ரி ஆராய்ச்சியை விட்டு ஓடவில்லை. பின்னாளில் முனைவர் பட்டம் பெற்று, யூட்டா பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியரானார். பனி யுகத்தில் மேற்கு யூட்டாவை மூடியிருந்த போனவில் என்ற மாபெரும் ஏரியின் பழைய கரைகளைப் பற்றி அவர் செய்த ஆய்வுகள் அந்தத் துறையில் மதிக்கப்படுகின்றன. 2004-ல் காலமானார். நாற்பது ஆண்டுகள் நல்ல ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் செய்தவரை, உலகம் ஒரு கோடையை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

பாடமும் மறக்கப்படவில்லை. மெத்தூசலா எந்த மரம் என்பதைக் கலிபோர்னியாவில் அடையாளப் பலகை வைத்துக் காட்டுவதில்லை. 2009-ல் மேத்யூ சால்சர், மால்கம் ஹியூஸ் ஆகியோரும் குழுவினரும் மர எல்லைக்கு அருகே உள்ள பிரிசில்கோன்கள் 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்த வேகம் கடந்த 3,700 ஆண்டுகளில் வேறு எந்த ஐம்பது ஆண்டுகளிலும் காணாதது என்று கண்டறிந்தார்கள். மலையுச்சி சூடாகிறது என்பதற்கு அந்த மரங்களே சாட்சி சொல்கின்றன.

தென் அமெரிக்காவிலும் ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. சிலி நாட்டில் "பெரிய தாத்தா" என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் அலெர்சே மரம் இருக்கிறது. ஜோனாதன் பாரிச்சிவிச் என்ற ஆய்வாளர் அதில் துளையிட்டபோது அவருடைய கருவியும் மையத்தை எட்டவில்லை. கர்ரி சந்தித்த அதே சிக்கல்! கிடைத்த சுமார் 2,400 வளையங்களை வைத்து, மீதியைக் கணித மாதிரியால் மதிப்பிட்டு, மரத்தின் வயது 5,000-ஐத் தாண்டியிருக்க 80 சதவீத வாய்ப்பு என்று 2022-ல் அறிவித்தார். எல்லா வளையங்களையும் எண்ணாமல் இதை ஏற்க முடியாது என்று சில நிபுணர்கள் மறுத்தார்கள். விவாதம் முடியவில்லை. ஆனால் மரம் நின்றுகொண்டிருக்கிறது. விவாதத்தை அடுத்த தலைமுறை இன்னும் நல்ல கருவியோடு தொடரலாம்.

வாய்ப்பு என்பது என்ன?

இன்றைக்கு இந்தியாவிலும் இந்தத் துறைகளில் ஆய்வுக்கு வழிகள் இருக்கின்றன. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும், லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனமும் மர வளையங்களை ஆராய்கின்றன. கேரளத்துத் தேக்கு மரங்களின் வளையங்களிலிருந்து பல நூற்றாண்டுப் பருவமழையின் வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நாளைக்கு யாரோ ஒரு மாணவர் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு மலைக்குப் போவார்.

அனுமதித் தாள் "செய்யலாம்" என்று மட்டும்தான் சொல்லும். "செய்யத்தான் வேண்டுமா" என்று கேட்காது. அந்தக் கேள்வியை மாணவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவி உடைந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடலாமா, மலையடிவாரத்தில் இருப்பவர்களிடம் விசாரித்தாயிற்றா, கீழே கிடக்கும் கட்டையிலேயே விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1964 ஆகஸ்டில் இந்த மூன்றில் ஒன்று கேட்கப்பட்டிருந்தாலும் புரோமிதியஸ் இன்றும் அந்தக் கற்குவியலின் மேல் 19 அங்குலப் பட்டையோடு நின்றிருக்கக்கூடும்.